பவானி ரீச்சர் கேட்ட பியர்

பள்ளிக்கூட இடைவேளையில் தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தபோது பவானி ரீச்சரின் அண்ணர் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி போயிட்டா, ரீச்சர்" என்றார். ஆசிரியர் அறையில் பவானி ரீச்சரின் கதிரையில் யாரோ அப்பியாசக் கொப்பிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவ்வளவையும் தூக்கி நிலத்தில் வைத்தேன்.

அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்களே, அவரோடு படிப்பித்தவர்களே, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் எழுதும்படி அண்ணர் என்னிடம் கேட்டிருக்கிறார். ரீச்சரின் நேரந்தவறாமையையும் கண்டிப்பையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பியரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ரீச்சருக்குக் குடி என்றால் அருவருப்பு. அவருடைய கணவர் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர் என்பது ஸ்கந்தபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். மதுவொழிப்பு ஊர்வலம் என்றால் பதாகையின் ஒரு கம்பு ரீச்சரின் கையில்தான் இருக்கும். அவருடைய ஒரே மகன் சுதன் கனடாவுக்குப் போய், நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன இடத்தில் பியர் காய்ச்சும் வேலைக்குச் சேர்ந்தான். அவர்கள் காய்ச்சுவதற்குப் பெயர் இந்தியா பேல் ஏல். ஹொப்ஸ் என்றொரு கொடியின் பூவை அள்ளிப் போடுவார்களாம், அதனால் நல்ல கசப்பாம். "உன்ர அப்பாவைச் சாகடிச்சதையோ நீ காய்ச்சி விக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு ரீச்சர் தொலைபேசியை வைத்தார். அதற்குப் பிறகு மகனோடு பேசவேயில்லை. நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "கலா, நீர் பிள்ளையளுக்குக் கணக்கைப் படிப்பியும். என்ர வீட்டை நான் பாக்கிறன்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

பிறகு அவருக்கு வாயில் புற்றுநோய் வந்தது. கதிர்ச் சிகிச்சையோடு நாக்குச் செத்துப்போயிற்று. புளியில்லை, உப்பில்லை, உறைப்பில்லை. "சோறெண்டு சொல்லித் தருகினம், நானும் நம்பி விழுங்கிறன்" என்றார். நான் விடுவேனா? ஒடியற்கூழ், நாயாற்று இறால், மாங்காய்ச் சொதி என்று ஒவ்வொன்றாகக் காய்ச்சிக்கொண்டு போனேன். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "நல்லாயிருக்கு கலா" என்பார். எனக்காகச் சொல்லும் பொய் என்று தெரியும். வீட்டுக்கு வந்து அழுவேன்.

செய்தி கேட்டுச் சுதன் ஓடிவந்தான். பெட்டியில் உடுப்புக்குள் சுற்றி இரண்டு தகர ரின் பியர் கொண்டுவந்திருந்தான். தன் கையால் காய்ச்சியதை அம்மா ஒரு தரம் பார்க்கட்டும் என்று கொண்டுவந்தவன், கொடுக்கப் பயந்து குசினிக்குள் முழுசிக்கொண்டு நின்றான். அதைக் கண்டுவிட்ட ரீச்சரே கூப்பிட்டார்.

"கொண்டா அதை. செத்த நாக்குக்கு எது வந்தாலென்ன?"

சின்னக் கிளாசில் ஊற்றினான். நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரீச்சர் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார்.

"எரியுது" என்றார். பிறகு சத்தமாக, "டேய், கைக்குதடா, நல்ல கசப்படா! பின்னால தோடம்பழத் தோல் மாதிரி ஒண்டும் வருது."

சுதன் விக்கி விக்கி அழுதான். ரீச்சரோ வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். எத்தனை நாள் புளிக்க விடுவாய், பூவை எப்போது போடுவாய் என்று கேள்விமேல் கேள்வி. அவன் அழுதுகொண்டே மறுமொழி சொன்னான். அவ்வளவு காலமும் கதைக்காததற்கெல்லாம் சேர்த்து அன்றைக்குக் கதைத்தார்கள்.

லீவு முடிந்து அவன் போன பிறகு, மிஞ்சிய ரின்னை ரீச்சர் என்னிடம் தந்தார். "இதை உம்மட பிறிட்ஜில வையும். என்ர எட்டுக்குப் படைக்க வேணும்."

"கசப்புத்தான் வேணுமெண்டால் பாவக்காய் வைக்கலாமே, ரீச்சர்" என்று பகிடி விட்டேன்.

"பாவக்காயை என்ர பிள்ளை செய்யேல்லை" என்றார்.

அப்போது வீட்டில் எங்களைத் தவிர ஒருவருமில்லை. யாரையும் சந்தோசப்படுத்த அவர் அதைச் சொல்லவில்லை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதை வாழையிலையில் படைப்போம். ஆம்பிளை என்றால் சாராயமும் சுருட்டும் கேள்வியில்லாமல் இலைக்கு வரும். நான் ரின்னைக் கொண்டுபோய் வைத்ததும் அண்ணர் பதறிப்போனார்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். குடியால அழிஞ்ச வீடு. சீவியம் முழுக்கக் குடிக்கு எதிரா நிண்ட மனுசி. அவான்ர இலையில பியரைக் கண்டால் சனம் என்ன கதைக்கும்?"

"அவா கேட்டவா, அண்ணை."

"நோய் வருத்தத்தில ஏதோ கேட்டிருப்பா."

கெஞ்சினேன். சண்டை பிடித்தேன். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. தங்கச்சியின் பெயரைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். ரின்னை எடுத்து என் கையில் திருப்பித் தந்துவிட்டார். ரீச்சர் ருசி தெரியாமல் விழுங்கிய சோறும் கறிகளும் இலை நிறைய இருந்தன.

சுதனுக்கு மறுபடி லீவு கிடைக்கவில்லை. படைத்து முடிந்த இலையை மட்டும் தொலைபேசியில் பார்த்தவன், பின்னேரம் என்னை அழைத்தான்.

"அன்ரி, அம்மா அண்டைக்கு உண்மையாத்தான் ருசிச்சவாவோ? இல்லாட்டி நான் பாவமெண்டு சொன்னவாவோ?"

"உண்மையாத்தான் தம்பி. எட்டுக்குப் படைக்கச் சொல்லி என்னட்டைத் தந்தவா. மாமாதான் விடேல்லை."

"அம்மா அப்பிடிக் கேட்டிருந்தால் மாமா மறுத்திருக்கமாட்டார் அன்ரி. நீங்களும் நான் பாவமெண்டுதான் சொல்லுறியள்."

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அழைத்துவிட்டேன். "ஓம் அன்ரி, ஓம்" என்கிறான். நம்பவில்லை என்பது அந்த ஓமிலேயே தெரிகிறது. என் வார்த்தையைத் தவிர என்னிடம் வேறு சாட்சியில்லை. என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தப் பக்கத்தை வெட்டாமல் அச்சடியுங்கள். பவானி ரீச்சர் என்னிடம் விட்டுப்போனது, அவருடைய மகனிடம் சேர்க்க வேண்டிய ஒரே ஒரு உண்மை. அதை நான் சொன்னால் அவன் நம்புகிறானில்லை. இந்த மலர் கனடாவுக்கும் போகும். உங்களில் யாராவது அங்கே சுதனைக் கண்டால் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கைத்தது என்று சொல்லுங்கள்.