கரைந்த ஐஸ்

போன யுகாதிக்குச் சில வாரங்கள் முன்பு தொடங்கியது இது. பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொஞ்ச இடத்தில், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒன்பது நாட்டுக்கோழிகள் வளர்த்தாள். ஸ்கூல் வேனிலிருந்து இறங்கியதும் பையைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்குத்தான் ஓடுவாள்.

கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்க அவற்றின் கண்ணில் விடும் சொட்டு மருந்தை வாங்கி வருவது என் பொறுப்பு. பொம்மசந்திராவில் எனக்கு வேலை. ஒரு சனிக்கிழமை மதிய இடைவேளையில் வாங்கினேன். கடைக்காரர் குப்பியை ஐஸோடு கவரில் கட்டிக் கொடுத்தார். "சீதா மனெகே ஹோகி அக்கா, நேரா வீட்டுக்குப் போங்க. நடுவுல எங்கயும் நிக்காதீங்க. ஐஸ் கரைஞ்சா மருந்து வேஸ்ட்டு, வெறும் தண்ணிதான்."

தலையாட்டிவிட்டு, கவரை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டு ஆபீசுக்குள் போனேன். ஒரு மணி நேர வேலைதான் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது மணி ஐந்து. குப்பி வெதுவெதுவென்று இருந்தது.

வீட்டில் மகள் காத்திருந்தாள். குப்பியை ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தேன். திரும்பக் குளிர்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுக்க, நான் சொட்டு விட்டேன்.

யுகாதிக்கு மறுநாள் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கறிச் சமையல். அதற்காக மூன்று நாள் முன்பே ஒரு சேவல் வாங்கி வந்தேன்.

"புதுசைத் தனியா கட்டணும்மா" என்றாள் மகள்.

"அதான் மருந்து போட்டாச்சே, டாக்டரம்மா!" என்று கிண்டல் செய்துவிட்டு அதே கூண்டில் விட்டேன்.

விருந்துக்கு முன்பே அந்தச் சேவல் செத்தது. அடுத்த வாரம் கோழிகளுக்குப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து திருகிக்கொண்டது. நான்கே நாளில் ஒன்பதும் போயின. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கடைசிக் கோழியை மகள்தான் தன் பழைய டவலில் சுற்றித் தூக்கி வந்தாள்.

"நான்தான் சரியாப் புடிக்கலம்மா. சொட்டு வெளிய போயிருக்கும்" என்று தேம்பினாள்.

குப்பி வெதுவெதுப்பானதை அப்போதும் நான் சொல்லவில்லை. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா வேற மருந்து வாங்கிப் போட்டிருக்கலாமேம்மா" என்று மட்டும் கேட்டாள்.

கூண்டு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். கடையிலிருந்து சிரப் வாங்கி வந்து ஸ்பூனில் ஊற்றி நீட்டினேன். "நேரா வீட்டுக்குத்தானேம்மா வந்தே?" என்றாள். ஆமாம் என்றேன், உண்மைதான். ஆனாலும் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இன்றைக்கும், எவ்வளவு சின்னத் தவறு செய்தாலும், அவள் கேட்பதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.