ஆற்றுக்கு முப்பது லோடு

சங்கமித்ராவுக்கு நாற்பத்தோரு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் வீடு. அவள் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள் என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். புருஷன் ஓட்டிய வண்டி. மஞ்சள் காமாலையில் அவன் செத்த பிறகு கிளீனராக ஏறினாள். லைசென்ஸ் எடுத்து, பதினோரு வருடமாகத் திருவொற்றியூர் சந்துகளில் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். குடங்களோடு அடித்துக்கொள்ளும் கூட்டத்தை, "வரிசைல நிக்கலன்னா வால்வ மூடிட்டுப் போய்க்கினே இருப்பேன்" என்று ஒரே அதட்டலில் அடக்குவாள்.

போன வருடம் மார்ச்சில் லாரி முதலாளி பக்தவச்சலம் அவளைப் புது வேலைக்கு அனுப்பினார். எண்ணூருக்கு மேற்கே கொசஸ்தலை ஆற்றங்கரையில், கன்டெய்னர் யார்டுகளை மேடாக்க ஒரு கம்பெனி கிராவல் மண் வெட்டிக்கொண்டிருந்தது. குழி ஆற்றுப் படுகையைவிட ஆழமாகப் போனதும், ஆற்றுத் தண்ணீர் மணல் வழியாகக் கசிந்து அதற்குள் இறங்கிவிட்டது. ஆறு வறண்டது. கடலின் உப்பு உள்ளே ஏறி, கரையோரக் காலனியின் கைபம்பில் வந்தது. ஜனங்கள் வழக்குப் போட்டார்கள். குழி உறிஞ்சியதற்கு ஈடாக, கம்பெனி தினமும் முப்பது லோடு தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவந்து ஆற்றில் விடவேண்டும் என்று உத்தரவு வந்தது.

சவுக்குத் தோப்பில் ஒரு பம்பு. அங்கே டேங்கரை நிரப்பி, தடுப்பணைக்கு மேலே கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டும். "மேற்கால ஏரித் தண்ணி, பைப்புல வருது" என்றான் கம்பெனி சூப்பர்வைசர் ஜெரால்ட். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சண்டை இல்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று சங்கமித்ராவுக்குச் சந்தோஷம்.

காலனியில் நண்டு விற்கும் ரோஸ்மேரி தினமும் ஒரு சொம்பு கூழோடு வருவாள். வழக்கில் முதல் கையெழுத்து அவளுடையது. "குடி யக்கா. எங்க ஆத்துக்குத் தண்ணி எடுத்தாற கையி" என்பாள். சங்கமித்ரா வெட்கப்பட்டுக்கொண்டே குடிப்பாள். ஆனால் நாள் போகப் போக ஒன்று உறுத்தியது. இவ்வளவு ஊற்றியும் ஆறு ஒரு விரல்கூட ஏறவில்லை.

இருபத்தாறாவது நாள். அந்த இடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. மறைவு தேடிச் சவுக்குத் தோப்புக்குள் போனவள் காலில் பைப்பு தட்டியது. மேற்கே ஏரிக்குப் போகவேண்டிய பைப்பு கிழக்கே திரும்பியிருந்தது. வந்த வேலையை மறந்து அதன் பின்னாலேயே நடந்தாள். அது கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து, சரிவில் இறங்கி, கிராவல் குழியின் பச்சைத் தண்ணீருக்குள் முடிந்தது.

குழி ஆற்றிலிருந்து உறிஞ்சிய தண்ணீரை இவள் ஆற்றில் ஊற்றியிருக்கிறாள். மணல் வழியாக அது திரும்பவும் குழிக்கே இறங்கியிருக்கிறது. அதையே மறுபடி நிரப்பியிருக்கிறாள். ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றிச் சுமக்க வைத்திருக்கிறார்கள். அங்கேயே நின்று பக்தவச்சலத்துக்குப் போன் போட்டாள்.

"இன்னா நைனா, குழித் தண்ணியவே ஊத்தச் சொல்லிகினு கீறானுங்க?"

"உனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? வால்வத் தொறக்கத்தான் உனுக்குச் சம்பளம். ஆறு ரொம்புதா இல்லியான்னு பாக்கறதுக்கு இல்ல."

சரி என்று சொல்லி வைத்துவிட்டு, நேரே ரோஸ்மேரி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். ரோஸ்மேரி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள்.

"இம்மா நாளு ஊத்திக்கினே இருந்தியே, கண்ணு தெர்லியா உனுக்கு? எங்கூட்டுக் கூழக் குடிச்சிக்கினே ஊத்துன!"

சங்கமித்ரா போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். கடைசியில் ரோஸ்மேரிதான் சொன்னாள்: "வேலைய வுட்டுடாத. நீ நின்னுட்டா பைப்ப மாத்திடுவானுங்க. பொதங்கெழம லோடு எண்ண ஆபீசரு செக்கிங் வராரு. அதுவரிக்கும் ஓட்டு."

அதற்கு நான்கு நாள் இருந்தது. தெரிந்தே நிரப்பினாள், தெரிந்தே ஊற்றினாள். ஒவ்வொரு லோடுக்கும் ஜெரால்ட் போட்டோ எடுத்துக்கொண்டு "சூப்பர்" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டும்போது, அவன் மேலேயே வண்டியை ஏற்றலாமா என்று இருந்தது.

புதன்கிழமை அதிகாரி வந்தார். ஜெரால்ட் இளநீர் சீவிக் கொடுத்தான். சங்கமித்ரா நிரம்பிய டேங்கரை அவர் ஜீப்புக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"சார், எரநூறு அடி எங்கூட நடந்து வா. இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு காட்றேன்."

"நான் லோடு எத்தனைன்னு மட்டும்தாம்மா பார்க்கணும். தண்ணி எங்கேர்ந்து வருதுங்கறது வேற டிபார்ட்மென்ட்."

"ஆத்துக்கு எத்தினி டிபார்ட்மென்ட் சார்? அத்தக் காய வெச்சவன் ஒருத்தன்தான கீறான்!"

ஜெரால்ட் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "கைய எட்றா" என்று அவள் கத்தியது அக்கரை வரை கேட்டிருக்கும். அதற்குள் ரோஸ்மேரி காலனிப் பெண்கள் நாற்பது பேரோடு வந்து சுற்றி நின்றுவிட்டாள். வழி இல்லாமல் அதிகாரி நடந்தார். வேலியைத் தாண்டி, பைப்பு தண்ணீருக்குள் முங்கும் இடம் வரை கூட்டிப்போய் நிறுத்தினாள். "எழுது சார். என் கண்ணு முன்னால எழுது."

எழுதினார். குழிக்கு ஆறு மாதம் சீல் விழுந்தது. அன்று சாயங்காலமே பக்தவச்சலம் சாவியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எந்த டேங்கர் முதலாளியும் அவளைச் சேர்க்கவில்லை. இப்போது காசிமேட்டிலிருந்து ஐஸ் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறாள்.

வழக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல் அவளை மடக்கப் பார்த்தார். "முப்பது நாளும் ஊத்துனது நீங்கதானே?"

"ஆமா. தெரியாம ஊத்துனது இருவத்தாறு நாளு. தெரிஞ்சே ஊத்துனது நாலு நாளு. ரெண்டயும் எழுதிக்கோங்க. ஏரித் தண்ணின்னு பொய் சொன்னவனுக்குத் தெரிஞ்சது எத்தினி நாளுன்னு அவன்கிட்டயும் கேளுங்க."

நவம்பர் மழையில் குழி தானாக நிரம்பியது. ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. கைபம்பில் இன்னும் உப்புத்தான். அதே கம்பெனி எதிர்க்கரையில் புதுக் குழிக்கு மனுப் போட்டிருக்கிறது. ஆட்சேபம் கேட்கும் கூட்டம் அடுத்த திங்கட்கிழமை. சங்கமித்ரா ஐஸ் வண்டிக்கு லீவு சொல்லிவிட்டாள். ரோஸ்மேரியும் வருகிறாள், ஆனால் அவள் இன்னும் இவளோடு சரியாகப் பேசுவதில்லை.