ஃபிட்டர் கேட்ட புத்தி

அறுபதுகளில் மண்ணரை என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் அவர். ஒல்லியான ஆள், விரல்களில் எண்ணெய்க் கறை போகவே போகாது. எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்பும் கண்ணை மூடி, "ஆண்டவரே, புத்தி குடுங்க" என்பார்.

ஒருநாள் பழுதான மெஷினில் சிக்கி ஒரு பெண்ணின் விரல் துண்டாகிவிட்டது. அவளுடைய அம்மா வாசலில் அழுதுகொண்டிருந்தாள். தப்பு அந்தப் பெண்மேல்தான் என்று எழுதி, எங்கள் இருவரிடமும் கையெழுத்துக் கேட்டார் முதலாளி. நான் போட்டுவிட்டேன். ஃபிட்டர் வெகுநேரம் கண்மூடி நின்றார். பிறகு, "மெஷின் பழுதுன்னு போன வாரமே சொன்னனுங்களே" என்றார். அன்றே அவருக்கு வேலை போயிற்று.

அவர் கிளம்பும்போது கேட்டேன்: "ஆண்டவர் என்னங்க சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லலீங்க. அந்தம்மா அழுகிறதுதான் கேட்டுச்சுங்க."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எனக்கும் அது கேட்கத்தான் செய்தது.