சைலன்சர் மாட்டிய வாரம்

என் தங்கையின் புருஷனை எனக்கு ஆகாது. கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது. புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்கிறான். வாயைத் திறந்தால் அடுத்தவனுக்குப் புத்தி சொல்வான். அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து சங்கரன்கோவிலில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, வாரம் தவறாமல் பழப்பையோடு வந்து உட்கார ஆரம்பித்தான். ஒருநாள் நான் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் வாசலிலேயே மறித்தான்.

"இந்தச் சத்தத்துல மாமாவுக்கு நெஞ்சு திக்குங்குது மச்சான். ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"ஏன்வே, பாத்துக்கிட மகன் நான் இல்லையா? வந்துட்டாரு பெரிய டாக்டரு!"

கத்திவிட்டு வாசலிலேயே நின்று யோசித்தேன். மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அப்பன் மருமகன் வீட்டில் போய்ச் சோறு தின்றால் ஊர் காறித் துப்பாதா? என் உரக்கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் துக்கம் விசாரிப்பான். அப்பா எங்கேயும் போகக் கூடாது. அதற்குக் காரின் வாயை மூட வேண்டும், அவ்வளவுதானே!

ஆனால் பவரில் ஒரு துளி விடமாட்டேன். பெரிய டர்போ வைத்து, கம்பெனி சைலன்சரைக் கழற்றி வீசிவிட்டு, அகலமான நேர்க்குழாய் போட்டு ஆசை ஆசையாய்ப் பவர் ஏற்றிய வண்டி அது. இந்த எலுமிச்சைக்காரனுக்காக அதை மாட்டுவண்டி ஆக்குவேனா?

ராஜபாளையம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்காரன், "ரொம்பச் சுலபம் அண்ணாச்சி" என்று சொல்லி, குழாயின் நுனியில் சிறு ஓட்டை போட்ட தகட்டை வைத்து அடைத்துத் தந்தான். சத்தம் செத்தது, வண்டியும் செத்தது. மூன்றாம் கியரில் மிதித்தால் மூக்கடைத்தவன் போல முக்கியது. புகை வெளியே போக வழியில்லாமல் இன்ஜின் எப்படி இழுக்கும்? திரும்பிப் போய் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

"தகட்டைப் பிடுங்கி எறியும்வே! குழாயோட அகலம் கடைசி வரைக்கும் குறையக் கூடாது."

"சத்தம் போயிட்டா பவரும் போயிரும்லா அண்ணாச்சி?"

எங்கள் ஊரில் பவரைக் காதால்தான் அளப்பார்கள். நானே தேடிப்பிடித்து வேறு சைலன்சர் வரவழைத்தேன். அதே அகலத்தில், உடம்பெல்லாம் துளை போட்ட குழாய் ஒன்று அதற்குள்ளே நேராக ஓடும். சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. புகை தடையில்லாமல் போய்விடும், சத்தத்தைப் பஞ்சு வாங்கிக்கொள்ளும். வண்டிக்குள் கேட்கும் உறுமலை அடக்க, குழாயின் நடுவில் ரெசனேட்டர் என்று இன்னொரு டப்பா. இணைப்புகளில் காற்று கசியாமல் பக்கத்திலேயே நின்று வெல்டிங் வைக்கச் சொன்னேன். அவன் என்னைச் சபித்துக்கொண்டேதான் வைத்தான்.

வண்டியைப் புளியங்குடி ரோட்டில் ஏற்றி மிதித்தேன். அடேயப்பா! முதுகை சீட்டோடு அமுக்குகிற அதே இழுப்பு. ஜன்னலைத் திறந்தால் டயர் சத்தம்தான் கேட்டது. இனி அவன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அப்பாவைக் கேட்பான் என்று சிரித்துக்கொண்டே சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன்.

ஹாலில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அப்பா தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த எலுமிச்சைக்காரன். நான் வரும்போதெல்லாம் அவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார், டிவி அணைந்திருக்கும். நெஞ்சில் வைத்தியம் பார்த்த உடம்பு, அசதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"ஐயோ, வண்டிச் சத்தமே கேக்கலையே!" என்று என் பெண்டாட்டி ரிமோட்டைத் தேடினாள். அப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. அவசரமாக நாற்காலியைப் பிடித்து, உள்ளே போக எழுந்தார்.

"எத்தனை நாளா நடக்கு இது? நான் என்ன பேயா பிசாசா?" என்று கத்தினேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புத்தி சொல்கிறவன் குனிந்து பழப்பைக்கு முடிச்சுப் போட ஆரம்பித்தான்.

"கத்தாதல," என்றார் அப்பா, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. "நான் எங்கயும் போகலை. இங்கனயே இருக்கேன். நீ வாரப்ப மட்டும் தெருமுக்குல ஒரு ஹார்ன் அடிச்சிட்டு வா மக்கா."

அவன் கேட்டிருந்தால் பல்லைத் தட்டியிருப்பேன். கேட்டது அப்பா. தினமும் ஹார்ன் அடிக்கிறேன்.