சோத்துக்கை

முதல் அறிகுறி கழிப்பறையில்தான் தெரிந்தது. காலை ஆறரை மணி இருக்கும். உள்ளே போன என் கணவர் வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன்.

"அம்மணி, கை வரமாட்டேங்குது" என்றார்.

"எந்தக் கைங்க?"

"கழுவுற கை."

நல்லவேளை, தாழ்ப்பாள் போடவில்லை. வலது கையில் தண்ணீர் மக்கோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். இடது கை தொடைமேல் கிடந்தது. தூக்கிவிட்டால் விழுந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அவரைக் கழுவி, வேட்டியைச் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரர் காரில் கோவைக்குக் கொண்டுபோனோம்.

பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பாதி செயலிழப்பது) என்றார் டாக்டர். இடது பக்கம் முழுக்கப் போயிருந்தது. பேச்சு பிழைத்தது. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரையை எப்போது கொடுப்பது என்று மூன்று பேர் சொன்னார்கள். ஐம்பத்தாறு வயது ஆம்பளைக்கு எப்படிக் கால் கழுவிவிடுவது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் மட்டும், நான் கேட்டதற்காக, திரையை இழுத்துவிட்டுச் செய்து காட்டினார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிப் படுத்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மடிப்புகளில் ஈரம் நிற்கக் கூடாது. முதுகெலும்பு முடியும் இடத்தில் சிவப்பு இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்தி ரத்தம் ஓடாமல் தோல் செத்துப்போவது) அங்கேதான் தொடங்கும். முதல் வாரம் எனக்குக் குமட்டியது. அதை மறைத்துப் புண்ணியமில்லை. நான் கழுவும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் பாகங்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. பதினெட்டு வருடமாக, நன்றாக இருக்கிறது என்று யார் எதைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை. வீட்டிலும் அதே புத்திதான். மூன்றாம் மாதம் என் கணவர் ஒருவர் பிடித்துக்கொண்டால் குச்சி ஊன்றி நாலடி நடந்தார். நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆறுமுகம் என்பவரை வைத்தோம். ஆனைமலைக்காரர். அதிகம் பேசமாட்டார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் சந்தேகம் கையுறையில் வந்தது. கழுவிவிடும்போது போடுவதற்காக ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். இரண்டு வாரம் போனபிறகும் பெட்டி குறையவே இல்லை. அப்படியானால் இந்த ஆள் கழுவிவிடுவதே இல்லையா? ஆனால் தோல் சுத்தமாக இருந்தது. குளியலறைச் சோப்பு மட்டும் வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்தது.

அடுத்தது சாப்பாடு. மதியத்துக்கு வைத்துவிட்டுப் போகும் பாத்திரம் துடைத்ததுபோல் காலியாக இருக்கும். இவரோ இளைத்துக்கொண்டே வந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், பசியில்லை, ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி போதும் என்பார்.

"ஏனுங்க, அவரு உங்களுக்கு நேரத்துக்குச் சோறு போடறாருங்களா?"

"போடறாரு."

"கழுவி உடறாருங்களா?"

"எல்லாம் நடக்குது, உடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறுமுகம் அவரை மிரட்டி வைத்திருக்கிறானோ என்றுகூட நினைத்தேன். குளிக்க வைக்கிற சாக்கில் அவர் உடம்பில் காயம் தேடினேன். வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவரிடம் (தசைகளுக்குப் பயிற்சி தருபவர்) ஜாடையாகக் கேட்டதற்கு, "நல்லா முன்னேறிட்டு வர்றாரும்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

ஒரு புதன்கிழமை மதியம், அரை நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்தேன். கட்டில் காலி. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஆறுமுகம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே சுவரில் சாய்ந்து நின்றார்.

"அவர உள்ள தனியா உட்டுப்போட்டு இங்க என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

"மெதுவாங்கக்கா" என்று கையமர்த்தினார். "அவரேதானுங்க கழுவிக்கிறாரு. மூணு வாரமாச்சுங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டாருங்க."

"அதுல மறைக்க என்ன இருக்குது?"

அவர் வாஷ்பேசின் பக்கம் கண்ணைக் காட்டினார். என் கணவர் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பேசினில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தார். சோப்பை பேசின் விளிம்பில் வைத்து, அதன்மேல் வலது கையைத் தேய்த்தார். கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடியும் தேய்த்தார். கழுவி உலர்ந்து வெடித்த விரல்கள் அப்போதுதான் என் கண்ணில் பட்டன.

"சாப்பாடுதானுங்க பிரச்சனை" என்று ஆறுமுகம் தணிந்த குரலில் சொன்னார். "அந்தக் கையில சோத்தத் தொடமாட்டேங்கறாருங்க. ஸ்பூன் குடுத்தாலும் அதே கைதானுங்களே. ஊட்டி உட்டா ரெண்டு வாய், அதோட செரி. மீதிய தெருநாய்க்குப் போடச் சொல்லிருவாருங்க."

இத்தனை நாள் ஆறுமுகத்தைச் சோற்றுத் திருடனாக்கி வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தட்டைப் போட்டு, முதலில் நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன். இன்றுவரை அதற்குமேல் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

என் கணவரிடம் கேட்டபோது தலைகுனிந்து சொன்னார். "உன்னையக் கழுவ உட்டா மானம் போவுது. நானே கழுவுனா, இது சோத்துக்கை அம்மணி. எனக்கிருக்கறது ஒண்ணுதான. உனக்குத் தெரிஞ்சா இந்தக் கையில இருந்து ஒரு டம்ளர் தண்ணி வாங்குவியா?"

வாங்குவேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். எனக்கே என்மேல் நிச்சயமில்லை.

அடுத்த முறை வந்த இயன்முறை மருத்துவர், "நான்தான் சாஞ்சு உக்காந்து கழுவப் பழக்கினேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "கிருமி சோப்புல போயிரும்மா. அருவருப்பு போக நாளாகும். அவருக்கு மட்டும் இல்ல" என்று என்னைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்புச் சாதம் செய்து நெய் விட்டேன். ஒரே தட்டு போட்டு அவர் முன்னால் வைத்து எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, எனக்கொரு வாய் குடுங்க."

"வேண்டாம் அம்மணி."

"பசிக்குதுங்க."

நான் பாகங்களைத் திருப்பிப் பார்ப்பதுபோலவே என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிசைந்து ஒரு உருண்டை எடுத்தார். வாயைத் திறந்தேன். ஒரு நொடி வயிறு பிரட்டியது. உங்களுக்கும் பிரட்டும், அதற்காக வெட்கப்படாதீர்கள். மென்றேன், விழுங்கினேன். அவர் கண் என் தொண்டையைவிட்டு நகரவில்லை.

"வாயத் தொறந்து காட்டு" என்றார்.

காட்டினேன். நாக்கையும் தூக்கிக் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அடுத்த உருண்டையைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். வாயின் இடது பக்கம் ஒழுகியதை நான் துடைக்கப் போகவில்லை. அதே கையால் அவரே துடைத்துக்கொண்டார். முன்பெல்லாம் ஐந்து நிமிடத்தில் கை கழுவ எழுந்துவிடுகிற மனிதர். அன்று அந்தத் தட்டு காலியாக முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.