கல்பனா மேடம் கேட்டுவிட்டுப் போன கேள்வி

ஞாயிறு வகுப்புக்காகத் திண்டிவனம் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். மைய உதவியாளர் போனில் அழைத்தார். "சார், கல்பனா மேடம் தவறிட்டாங்க. விடியக்கால நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." முந்தின நாள் மாலைதான், "நாளைக்காவது ஜல்தியா வந்து சேருங்க சார்" என்று என்னைக் கிண்டல் செய்தவர். அவரை நினைத்துத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நம் தொலைநிலைக் கல்வி மையத்தில் அவரிடம் பொருளியல் படித்த உங்களுக்கு எங்கள் ஓயாத சண்டையும் தெரியும். பாடநூல் எழுதியவன் நான். அலகு, உட்பிரிவு, பயிற்சி வினா, கடைசியில் விடை. தானாகப் படித்தாலே போதும் என்பது என் கட்சி. "வீடு நல்லாதான் கட்டியிருக்கீங்க சார். கதவு வெக்க மறந்துட்டீங்க" என்பார் அவர்.

ஒருமுறை மேலிடத்து அட்டவணையில் வகுப்பு அமாவாசையன்று விழுந்தது. பேருந்தெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டது. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் மாணவர்களோடு அவரும் மாட்டிக்கொண்டார். "மூணாவது அலகு என்ன ஆவறது?" என்று போனில் கத்தினேன். "நாலாவதே இங்க நடந்துக்கினு இருக்குது சார்" என்றார். நாலாவது அலகு விலை பற்றியது. பூக்கடை முன்னால் நின்று, இன்றைக்கு மல்லிகை விலை ஏன் ஏறியது என்று மாணவர்களைப் பேச வைத்திருக்கிறார். "புரிஞ்சிதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. ஏன் அப்படி நெனைக்கிறீங்கன்னு கேக்கணும் சார்" என்பது அவர் வாக்கு.

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் கணவர் மேடத்தின் போனை என்னிடம் நீட்டினார். "படிக்கிறவங்க பேசி அனுப்பிக்கினே இருக்காங்க சார். இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

முதலில் கேட்டது மரக்காணம் தேவகியின் குரல்பதிவு. கடலோரத்துக் குடும்பம். "புக்கப் பாத்தாலே பேஜாரா இருக்குது" என்று படிப்பை விட்டுவிட இருந்த அவரை, சனிக்கிழமைதோறும் ஒரு கேள்வி அனுப்பியே மேடம் பிடித்து வைத்திருந்தார். காற்று பலமாகி யாரும் கடலுக்குப் போகவில்லை என்றால் மீன் விலை என்ன ஆகும் என்பது கடைசிக் கேள்வி. "ஏறும் மேடம். சரிங்களா?" என்று, சேதி தெரியாமல் பதில் அனுப்பியிருந்தார்.

நானே அழைத்துச் சொன்னேன். வெகுநேரம் அழுதார். பிறகு, "அப்போ நான் படிப்புலேர்ந்து நின்னுக்கிறேன் சார். இனிமே யார்கிட்ட பேசறது?" என்றார்.

நான் எழுதிய எந்த அலகிலும் அதற்கு விடை இல்லை. "விலை ஏறும்னு ஏன் நெனைக்கிறீங்க, தேவகி?" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் சொல்லத் தொடங்கினார். கல்பனா மேடம், உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வி. அடுத்த சனிக்கிழமையும் அதை நான்தான் கேட்க வேண்டும்.