தராசு தேர்ந்தெடுத்த சிட்டு

குடை வாங்கப் போனால் மழைக்காலம் முடிந்த பிறகுதான் வீடு திரும்புவாள் என்று அவள் கணவர் சொல்வது கொஞ்சம் மிகைதான். ஆனால் கொஞ்சம்தான். போன மழைக்குக் கடை கடையாக ஏறி இறங்கி, கம்பியை வளைத்துப் பார்த்து, துணியில் தண்ணீர் தெளித்துப் பார்த்து, கடைசியில் நனைந்துகொண்டே வெறுங்கையோடு வந்து சேர்ந்தாள். அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

வலைத்தளங்களின் பின்கட்டு வேலை தராசுவுடையது. திரையில் தெரியும் படமும் பொத்தானும் முன்கட்டு. பொத்தானை அமுக்கியதும் உள்ளே அதை யார் வாங்குவது, எங்கே வைப்பது, என்ன பதில் சொல்லி அனுப்புவது என்பதெல்லாம் பின்கட்டு. ஒவ்வொரு தடவையும் அடித்தளத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது என்பதால், தூண், கூரை, கதவு எல்லாம் செய்து தயாராக வைத்த சட்டகங்கள் உண்டு. ஃபிரேம்வொர்க் என்பார்கள். தராசுவின் அலுவலகத்தில் இருந்தது பெரிய ஒன்று. அதற்கு அவள் யானை என்று பெயர் வைத்திருந்தாள். யானை எல்லா வேலையும் செய்யும். ஆனால் ஒரு ஜன்னலைத் திறப்பதற்கும் யானையை எழுப்பி, குளிப்பாட்டி, தீனி போட்டுத்தான் ஆகவேண்டும்.

அவளுடைய தங்கை பிசியோதெரபிஸ்ட். பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகளைக் கடைக்காரரிடம் வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளறையில் ஒரே ஒரு கட்டில். கைராசிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள். வினையே அங்கேதான் வந்தது. ஒருவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். எடுத்தால் முழங்கால்காரர் முறைப்பார். எடுக்காவிட்டால் போன்காரர் நேரே கிளம்பி வந்துவிடுவார். முன்னறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டு, பாதிப் பேர் அடுத்த தெருவின் பெரிய கிளினிக்குக்கு நடையைக் கட்டினார்கள்.

"இந்த மாசக் கடைசியில கடைக்காரர் வந்து கேப்பாருக்கா, ரூமைத் தொடர்றியா விடுறியான்னு," என்றாள் தங்கை. "இப்படியே போனா நான் திரும்ப ஆஸ்பத்திரிக்கே போயிட வேண்டியதுதான். அவங்களா நேரத்தைப் பாத்து எடுத்துக்கற மாதிரி ஒரு பக்கம் பண்ணிக் குடு. யார் எப்ப வராங்கன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

"இவ்வளவுதானே? ஒரு வாரத்துல முடிச்சிடலாம்," என்றாள் தராசு.

சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னாள். அந்த அறையை எடுக்கச் சொன்னவளே அவள்தான். அது மூடிப்போனால் தன்னால்தான் என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தத் தடவை எதையும் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு அறைக்கு யானை வேண்டாம், எடை குறைந்த சட்டகம்தான் வேண்டும் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. எது என்பதில்தான் வண்டி நின்றது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். தராசு பானையையே வடித்துப் பார்க்கும் ரகம். ஒவ்வொரு சட்டகத்திலும் அதே சின்னப் பக்கத்தைக் கட்டிப் பார்ப்பது அவள் முறை. ஒன்று மூச்சு விடுவதற்குள் எழுந்து நின்றது, ஆனால் அதை எழுதியவர்கள் கைவிட்டு நாளாகியிருந்தது. இன்னொன்று பார்க்க ஒல்லி. இறக்கிப் பார்த்தால் அது நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்கள் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. "மாப்பிள்ளை ஒல்லிதான், கூட வந்த சொந்தக்காரங்கதான் வீடு கொள்ளல," என்று கணவரிடம் சலித்துக்கொண்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்டும் அப்படித்தான்மா. ஆள் நாலு, சாமான் நாப்பது," என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

எல்லாவற்றிலும் சின்னது ஒன்று இருந்தது. நாலு கால், மேலே ஒரு கூரை, அவ்வளவுதான். அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தாள். அதில் கட்டிய பக்கத்தை, வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் கிடந்த பழைய லேப்டாப்பில் ஓடவிட்டாள். சோதனைதானே என்று, வருகிற தகவலைச் சேமித்து வைக்க இடம்கூடக் கொடுக்கவில்லை. ஓடுகிறவரை நினைவில் வைத்திருக்கும், அணைத்தால் மறந்துவிடும். பெயர் கேட்கும் இடத்தில், கொஞ்சம் அன்பாக இருக்கட்டும் என்று, 'உங்களை எப்படிக் கூப்பிடலாம்?' என்று போட்டாள். தங்கைக்கு முகவரியை அனுப்பினாள்.

"இது சும்மா டெஸ்ட்டுடி. யாருக்கும் குடுத்துடாத."

"சரிக்கா," என்றாள் தங்கை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சிட்டுவின் பக்கத்தில் பெயர்கள் விழத் தொடங்கின. 'கண்டக்டர்', 'முழங்கால் டீச்சர்', 'பச்சைச் சட்டை', 'அதே தோள்பட்டைதான்'. தராசு பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாருக்கும் பட்டப்பெயர் வைக்கும் வியாதி உண்டு. பாவம், இருக்கிற வேலையில் இவ்வளவு சிரத்தையாக உட்கார்ந்து சோதித்துக் கொடுக்கிறாளே என்று தராசுவுக்கு மனசு இளகிவிட்டது. அந்த இளக்கத்தில் இன்னும் கவனமாக எடை போடத் தொடங்கினாள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா? மூன்று மொழிகளில் காட்ட முடியுமா? நாளைக்குத் தங்கை பத்துக் கிளை திறந்தால்? சிட்டு ஒவ்வொரு கேள்விக்கும் உதட்டைப் பிதுக்கியது. பயம் யாரை விட்டது? மாசக் கடைசி நெருங்க நெருங்க அவளுக்குத் துணிச்சல் குறைந்துகொண்டே வந்து, சுற்றிச் சுற்றி யானையிடமே போய் நின்றாள். தெரிந்த பேய் தெரியாத தேவதையைவிட மேல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முடிவு எடுத்துவிட்டால் தராசு சுத்தக்காரி. சனிக்கிழமை காலையில் ஃபிரிட்ஜ் மேலிருந்த லேப்டாப்பை அணைத்து, தூசு தட்டி, உறையில் போட்டு வைத்தாள். கையைக் கழுவி, சமையலையும் முடித்து நிமிர்ந்தபோது போன் அடித்தது.

"அக்கா, லிஸ்ட்டைக் காணோம்!" தங்கையின் குரல் கம்மியிருந்தது. "பக்கம் வேலை செய்யலன்னு எல்லாரும் ஒண்ணா கிளம்பி வந்து உக்காந்திருக்காங்க. அடுத்தது யாருன்னே தெரியல. பக்கமே திறக்க மாட்டேங்குது!"

"எந்த லிஸ்ட்டுடி?"

"உன்னோடதுதான்! ஃபிரிட்ஜ் மேல இருக்கறது!"

தராசு போட்டது போட்டபடி ஓடினாள். படியேறி முன்னறைக்குள் நுழைந்தால் நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள். பச்சைச் சட்டை போட்ட ஒருவர் கழுத்தைச் சாய்த்தபடி நின்றார். "முழங்கால் டீச்சர் நான்தாங்க, எனக்குத்தான் அடுத்த நேரம்," என்று ஓர் அம்மாள் யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தார்.  தராசு விழுந்து விழுந்து சிரித்த அத்தனை பெயர்களும் உயிரும் வலியுமாக அங்கே உட்கார்ந்திருந்தன.

தங்கை கையில் எண்ணெயோடு உள்ளறை வாசலில் நின்றாள். "கண்டக்டர் சார் போன் மேல போன் போட்டாரேன்னு அவருக்கு மட்டும் குடுத்தேன்க்கா. அவர் பஸ் முழுக்கச் சொல்லிட்டார். நீ திட்டுவேன்னு பயந்து மறைச்சுட்டேன். நல்லாத்தான் ஓடுச்சு. மூணு வாரமா ஒருத்தர்கூடக் காத்திருக்கல. இன்னைக்குத்தான்..."

அதற்குள் இரண்டு பேர் எழுந்து செருப்பை மாட்டத் தொடங்கினார்கள். எங்கே போவார்கள் என்று சொல்லவே வேண்டாம். தங்கையின் கண்கள் அவர்கள் கால்களிலேயே இருந்தன.  யார் தப்பு என்று எடை போட தராசுவுக்கு அப்போது நேரமில்லை.

"யாரும் இறங்காதீங்க!" என்று ஒரு கனத்த குரல் எழுந்தது. கண்டக்டர்தான். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டே நடுவில் வந்து நின்றார். "அவங்கவங்க நேரம் அவங்கவங்களுக்குத் தெரியும்ல? முதல் நேரக்காரங்க முன்னால வாங்க. அப்படியே பின்னால நகருங்க, பின்னால இடமிருக்கு!"

இல்லாத இடத்தை உண்டாக்குவது அவர் தொழில். எல்லாரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். செருப்பு மாட்டிய இருவரும் அதைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

தராசு ஒரு மூலையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தங்கையின் கணினியை மடியில் வைத்துக்கொண்டு கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அந்த லேப்டாப்பை உறையிலேருந்து எடுத்து ஆன் பண்ணுங்க."

"எந்த பட்டன்? மேல போற பட்டனா, கீழ போற பட்டனா?"

"விளையாடாதீங்க!"

"ஆன் ஆயிடுச்சும்மா, விளையாடிக்கிட்டேதான் பண்ணினேன்."

அங்கிருந்தபடியே இணையம் வழியாக வீட்டு லேப்டாப்புக்குள் நுழைந்து சிட்டுவை எழுப்பினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்துகொண்டது. யானையாக இருந்திருந்தால் இந்நேரம் தும்பிக்கையைத்தான் நீட்டியிருக்கும். பெயர்களைச் சேமிக்க ஒரே ஒரு கோப்பைச் சேர்த்தாள். இனி அணைத்தாலும் மறக்காது. ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாதபடி ஒரு பூட்டும் போட்டாள். வரிசையில் நின்றவர்கள் தங்கள் போன்களில் தங்கள் நேரத்தைத் தாங்களே மறுபடி போட்டார்கள். டீச்சர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பச்சைச் சட்டைக்காரர் போட்டுக்கொடுத்தார். உள்ளே முழங்கால்கள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிரத் தொடங்கின.

தராசு சுவரில் சாய்ந்து அறையைப் பார்த்தாள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் சிட்டு தாங்குமா என்று அவள் தூக்கம் கெட்டிருந்தாள். அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. உள்ளே இருப்பது ஒரே கட்டில். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தனியாகச் சிரிக்கிறாளே என்று கண்டக்டர் கவலையோடு பார்த்தார்.

கூட்டம் கரைந்த பிறகு தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, நீ எதை எடுக்கறதா முடிவு பண்ணின?"

"யானையை."

"ஐயோ, எனக்கு இதுவே போதும்க்கா."

"இதுல நிறைய விஷயம் இல்லடி."

"இல்லாதது எதுவும் எனக்கு வேண்டியிருக்கலையே."

தராசு பதிலுக்கு வாயைத் திறந்த நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. செருப்புக் கடைக்காரர் மேலே வந்தார். மாடிக்கு இவ்வளவு பேர் ஏறி இறங்குவதில் கீழே அவருக்கும் வியாபாரம் நடந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்திருந்தது.

"என்னம்மா, ரூமைத் தொடர்றீங்கள்ல? ஒரு வருஷத்துக்கு எழுதட்டுமா, மூணு வருஷத்துக்கா? யோசிச்சு அடுத்த வாரம்கூடச் சொல்லலாம்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அடுத்த வாரம் என்ற சொல் கேட்டால் தராசு எப்படி மலர்வாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"மூணு," என்றாள் தராசு.

கடைக்காரர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். தங்கை அக்காவின் தோளில் ஓர் இடி இடித்தாள். "குடைக்கு ஒரு மழைக்காலம் யோசிச்ச. இதுக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அன்னைக்கு வேலையை விட்டுட்டு ரூம் எடுக்கட்டுமான்னு கேட்டப்பவும் இப்படித்தான், நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள 'எடு'ன்ன. எந்தத் தராசுலக்கா போட்டுப் பாத்த?"

தராசு மடியிலிருந்த கணினியை மூடி அவளிடம் நீட்டினாள்.

"உன்னை எதுக்குடி எடை போடணும்?"